ஊட்டிவிடும் பாசமும் மறந்துபோகும் கையும்

பக்கவாதம் வந்து வீடு திரும்பிய அப்பாவுக்கு எல்லாவற்றையும் நாமே செய்துவிடுகிறோம். சோறு பிசைந்து ஊட்டுகிறோம், சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுகிறோம், டம்ளரை வாய்வரை கொண்டுபோகிறோம். பாசத்தில்தான். ஆனால் கை மீண்டு வர மூளைக்குள் நடக்க வேண்டிய வேலை இதனாலேயே தடைபடலாம்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ அந்த இடத்து நரம்பணுக்கள் இறந்துவிடுகின்றன. கை காலுக்கு இறங்கும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை மூளையின் அடியில் உள்ள முகுளத்தில் பக்கம் மாறுவதால், இடது மூளையில் அடி என்றால் வலது கை விழுகிறது. இறந்த அணுக்கள் திரும்பாது. சரி, அப்புறம் சிலருக்குக் கை எப்படித் திரும்புகிறது? பிழைத்திருக்கும் அக்கம்பக்கத்துப் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்கின்றன.

1996-ல் அமெரிக்காவில் நரம்பியல் ஆய்வாளர் ராண்டால்ஃப் நுடோ குழுவினர் இதை அணில் குரங்கு என்னும் சிறு குரங்குகளிடம் கண்டார்கள். மூளையில் கைக்குரிய இடத்தில் சிறு சேதம் ஏற்பட்ட குரங்குகளை, குட்டிக் குழிகளிலிருந்து தீனியை எடுக்கப் பழக்கினார்கள். கைக்குரிய மீதி இடம் தப்பியது. சிலவற்றில் முழங்கை, தோளுக்கு உரிய இடத்துக்கும் பரவியது. பழக்காத குரங்குகளிலோ சேதமாகாத இடம்கூடச் சுருங்கிப்போனது.

இன்னொரு சிக்கலை விளக்கியவர் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப். முதல் வாரங்களில் விழுந்த கையைத் தூக்கப் பார்த்துத் தோற்கிறோம். நல்ல கையால் வேலை சட்டென்று முடிகிறது. பிறகு நரம்பு ஓரளவு தெளிந்தாலும், அந்தக் கையைக் கூப்பிடும் பழக்கமே விட்டுப்போகிறது. இதற்கு அவர் கண்ட வழி, நல்ல கைக்கு உறை மாட்டி வேலையை மற்றக் கையிடம் தள்ளுவது. 222 பேரிடம் 2 வாரம் இதைச் செய்து பார்த்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. ஓராண்டு கழித்தும் பலன் நிலைத்திருந்தது. ஆனால் அவர்கள் மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது நிமிர்த்த முடிந்தவர்கள். அதனால் பிசியோதெரபிஸ்டைக் கேட்காமல் வீட்டில் யாரும் நல்ல கையைக் கட்டிப்போட வேண்டாம்.

எத்தனை முறை செய்கிறோம் என்பதும் முக்கியம். 2009-ல் வந்த ஓர் ஆய்வில், ஒரு பயிற்சி வேளையில் கையால் உண்மையான வேலை செய்தது சராசரியாக 32 முறைதான். விலங்கு ஆய்வுகளில் அது பல நூறு. மீதியை வீடுதான் தர முடியும்: பட்டாணி உரிப்பது, துணி மடிப்பது, காலி டம்ளரை மேசையில் நகர்த்துவது. அதற்காக முதல் நாளே அவசரப்படவும் கூடாது. 2104 பேர் கலந்துகொண்ட, 2015-ல் வெளியான ஆய்வில், பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அடிக்கடி எழுப்பி நடக்கவைத்தவர்கள் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடச் சற்றுப் பின்தங்கினார்கள். எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் உறுத்துவது தோள்பட்டை. விழுந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்புவதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். தசை தளர்ந்திருப்பதால் மூட்டு பிசகி, தாங்க முடியாத வலி வரலாம். அப்புறம் அந்தக் கையைத் தொடவே விடமாட்டார். நடக்கும்போது விழுந்த பக்கமாக நின்று, இடுப்பில் பெல்ட் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பொத்தான் போட அவருக்குப் பத்து நிமிடம் ஆனால் ஆகட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். சோர்ந்துவிட்டால் கடைசிப் பொத்தானை நீங்கள் போட்டுவிடலாம்.