ஆயத்தம், அணியம்

இலங்கையின் வடக்கே வன்னியில் ‘ஆயத்தமா?’ என்று இன்று யாராவது கேட்டால், பள்ளிக்கோ மடு மாதா கோயில் திருவிழாவுக்கோ புறப்படும் வீடு நினைவுக்கு வரும். போர்க்காலத்தில் அதே கேள்விக்குப் பொருள் வேறு. அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் திணித்த பை கதவடியில் இருக்கிறதா என்பதே அப்போது அதன் பொருள். எந்த நேரம் எழும்பி ஓட வேண்டி வரும் என்று யாருக்கும் தெரியாது. ‘நீங்கள் நினையாத நாழிகையிலே மனுஷகுமாரன் வருவார், ஆதலால், நீங்களும் ஆயத்தமாயிருங்கள்’ என்ற வேதாகம வசனத்தை (மத்தேயு 24:44) அந்த ஆண்டுகளில் கேட்டவர்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

ஆயத்தம் வடசொல். அங்கே அதற்கு முதன்மையான பொருள் ‘சார்ந்திருப்பது, ஒன்றன் கையில் இருப்பது’. தைவாயத்தம் என்றால் தெய்வத்தின் கையில் இருப்பது. தமிழிலும் தெலுங்கிலும் ‘எல்லாம் செய்து முடித்து நிற்பது’ என்ற பொருளே வழக்கில் ஊன்றிவிட்டது. இழப்புத்தான். பழைய பொருளில் சொன்னால், ஆயத்தமாக இருப்பவன் தன் கையில் எல்லாம் இருக்கிறது என்று எண்ணுகிறவன் அல்லன். இன்னொருவர் கையை எதிர்பார்த்து நிற்கிறவன். அதாவது, தாழ்மை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தது.

அகராதியைப் புரட்டாமலே இதை அறிந்தவர்கள் நம் மானாவாரிக் கமக்காரர்கள். காலபோகத்துக்கு, அதாவது மாரிமழையை நம்பிய நெற்செய்கைக்கு, புழுதி விதைப்பு நடக்கும்போது பாருங்கள். மழைக்கு முன்பே காய்ந்த மண்ணை உழுது நெல்லை எறிந்துவிடுகிறார்கள். அவர்கள் செய்யக்கூடியது அவ்வளவுதான். மீதி வானத்தின் கையில். மழை பிந்தினால் விதைநெல் எறும்புக்கும் குருவிக்கும். உழாமல் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பவனையும் ஆயத்தமானவன் என்று சொல்ல முடியாது, உழுததால் மழை தனக்குக் கடன்பட்டிருக்கிறது என்று நினைப்பவனையும் சொல்ல முடியாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தயார்’ உருது வழியாக வந்தது. கடையில் தைத்த சட்டைக்கு அது போதும். ‘முன்னேற்பாடு’ கூட்டம் நடத்துகிறவர்களின் சொல். எஞ்சுவது ‘அணியம்’. ‘அணி’ என்ற வேரிலிருந்து வரும் இச்சொல்லுக்கு ஆயத்தம் என்ற பொருள் உண்டு. கடற்றொழிலாளரிடம் அது வள்ளத்தின் முன்பகுதியின் பெயர்.

எனக்கு இந்தச் சொல்லில் பிடித்தது வேரிலுள்ள அணிதல்தான். ‘மனத்தாழ்மையை அணிந்துகொள்ளுங்கள்’ என்று எழுதுகிறது பேதுருவின் முதல் நிருபம் (5:5). அங்கே கிரேக்க மூலத்தில் வரும் வினைச்சொல்லின் வேர் ‘முடிச்சு’: வேலைக்காரன் மேலாடையை முடிந்து கட்டிக்கொள்வது போலக் கட்டிக்கொள்ளுங்கள் என்கிறது. பேதுருவும் கடற்றொழிலாளி என்பதை நினைத்தால் முடிச்சு வந்தது வியப்பில்லை. ‘பணிவுடையன் இன்சொலன் ஆதல் ஒருவற்கு அணியல்ல மற்றுப் பிற’ என்று குறளும் (95) பணிவை அணியாகவே பார்க்கிறது. ஆனால் குறளின் அணி அழகுக்கு. நிருபத்தின் அணி வேலைக்கு.

இங்கே ஓர் எச்சரிக்கை. தோளில் கிடக்கும் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டி நிற்பது நம் ஊர்களில் பணிவின் அடையாளம். அப்படிக் கட்டுவதையே சாதியின் பெயரால் சிலர்மேல் திணித்த வரலாறும் நமக்கு உண்டு. அந்த நினைவு இருக்கிற வீட்டில் ‘தாழ்மையாய் இருங்கள்’ என்ற பிரசங்கம் வேறு மாதிரிக் கேட்கும். போதகர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். யோவான் 13இல் சீலையை அரையில் கட்டிக்கொண்டு கால் கழுவியவர் சீடர் அல்லர், குருவான இயேசு. லூக்கா 12இலும் அப்படியே: ‘உங்கள் அரைகள் கட்டப்பட்டதாகவும்’ என்று ஊழியருக்குச் சொன்ன கையோடு, இரண்டு வசனம் தாண்டி, வந்து சேர்ந்த எஜமானே அரைகட்டிக்கொண்டு அவர்களுக்குப் பரிமாறுகிறார். கட்டாயத்தால் கட்டியது தாழ்த்தல். தாழ்மை என்பது தானே கட்டிக்கொள்வது.

ஆயத்தத்தை விரட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேதாகமத்தில் ஊறிய சொல், கிடக்கட்டும். புதிதாகப் பாட்டும் செபமும் எழுதுகிறவர்கள் அணியத்தைத் துணிந்து எடுத்துக்கொள்ளலாம். கடலோர முல்லைத்தீவில் பாடும்போது மட்டும், எந்த வள்ளத்தின் அணியம் என்று யாராவது கேட்கக்கூடும்.