ஆறு எண்ணிக்கை, இரண்டு கணக்கு

தொடையில் தட்டிக்கொண்டே ‘தகிட தகிட’ என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் அதே வேகத்தில் ‘தக தக தக’. இரண்டிலும் ஆறே எழுத்துகள்தான். ஆனால் முதலில் இரண்டு தட்டு விழுகிறது, அடுத்ததில் மூன்று. பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சுவா கூப்ரன் எழுதிய ‘பிரெஞ்சு கூராந்த்’ என்ற நடன இசை ஓடுவது இந்த வித்தையில்தான்.

1714, 1715 ஆண்டுகளில் பதினான்காம் லூயி மன்னருக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் சிறு கச்சேரிகள் நடந்தன. கூப்ரன் ஹார்ப்சிகார்ட் என்ற, பியானோ போன்ற கட்டை வாத்தியத்தில் உட்கார, வயலின், ஓபோ, வியோல், பசூன் வாசிப்பவர்கள் உடன் சேர்ந்தார்கள். அந்த இசையை 1722இல் ‘அரச கச்சேரிகள்’ என்று நான்கு தொகுப்புகளாக அச்சிட்டார். நான்காவதன் வரிசை இது: பிரெலூட் (தொடக்க இசை), அல்மாந்த், பிரெஞ்சு கூராந்த், இத்தாலிய கூராந்த், சரபாந்த், ரிகோதோன், ஃபோர்லான். பிரெலூட் நீங்கலாக எல்லாமே நடனப் பெயர்கள். ஆனால் ஆடுவதற்கு யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை; இது உட்கார்ந்து கேட்கும் இசை.

ஒரே பெயரில் இரண்டு கூராந்தை அடுத்தடுத்து வைத்தது கூப்ரனின் குறும்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. இத்தாலிய வகை வேகமானது. மும்மூன்றாக ஒரே சீராக ஓடும். பிரெஞ்சு வகை நிதானமானது, ஆனால் அதன் கணக்கை நம்ப முடியாது. ஆறு எண்ணிக்கையை ஒரு சமயம் இரண்டிரண்டாகப் பிரிக்கும், வாக்கியம் முடியும் இடத்தில் திடீரென்று மும்மூன்றாக மாற்றிவிடும். சில சமயம் மேல் குரல் ஒரு கணக்கிலும் கீழ்க் குரல் இன்னொரு கணக்கிலும் போகும். அடுத்த தட்டு எங்கே விழும் என்று காது முன்கூட்டியே எதிர்பார்த்து வைத்திருக்கும். அது தவறும்போது வரும் சிறு தடுமாற்றம்தான் சுவை.

சரி, தட்டு விழுவது ஹார்ப்சிகார்டில் எப்படித் தெரியும்? இங்கேதான் சிக்கல். கட்டையை அழுத்தினால் உள்ளே பறவை இறகின் தண்டில் செய்த சிறு முள் கம்பியைச் சுண்டிவிடும். பலமாக அழுத்தினாலும் மெதுவாக அழுத்தினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். சரபாந்தில் மூன்று எண்ணிக்கையில் இரண்டாவதுக்குத்தான் கனம். அதைச் சத்தத்தால் காட்ட முடியாதே! அதனால் அந்த இடத்தில் பல கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும்படி எழுதுவார்கள், நடுக்கமோ சுழிப்போ வைப்பார்கள், ஸ்வரத்தை நீட்டுவார்கள், இல்லை அதற்கு முன் இம்மியளவு இடைவெளி விடுவார்கள். ஒலி கூடாமலே அழுத்தம் விழுந்ததாகக் காது எடுத்துக்கொள்ளும். கூப்ரனின் இசைத்தாளில் நடுக்கம், சுழிப்பு போன்ற அணிகள் அவ்வளவு நெருக்கமாக இருப்பது அழகுக்காக மட்டும் அல்ல.

இந்த நடனங்கள் பெரும்பாலும் இரண்டு பாதிகளாக இருக்கும். ஒவ்வொரு பாதியையும் இரண்டு முறை வாசிப்பார்கள். முதல் பாதி ஆதார ஸ்வரத்தில் கிளம்பி, பொதுவாகப் பஞ்சமத்தில் போய் நிற்கும். நிற்பது மட்டுமல்ல, அந்தப் பஞ்சமத்தையே கொஞ்ச நேரம் ஸட்ஜமாக ஆக்கிக்கொள்ளும். கிரகபேதம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். இரண்டாம் பாதி சுற்றிச் சுற்றி பழைய ஸட்ஜத்துக்குத் திரும்பும். பிரிந்ததும் திரும்பியதும் ஒரே முறை கேட்டால் பதியாது என்பதால் மறுமுறை வாசிப்பது உதவுகிறது. அந்த மறுமுறையில் கலைஞர் தன் அணிகளையும் சேர்ப்பது உண்டு.

ஃபோர்லான் மட்டும் வேறு அமைப்பு. நம் பல்லவி போல ஒரு பகுதி, இடையில் புதுப் பகுதிகள் வந்துபோன பிறகு மறுபடி மறுபடி வரும். இத்தாலியின் ஃப்ரியூலி பகுதியிலிருந்து வந்த துள்ளல் ஆட்டம் அது. 1914இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் ரவேல் இந்த ஃபோர்லானை எடுத்துப் பியானோவுக்காக மாற்றி எழுதிப் பார்த்தார். பிறகு, முதல் உலகப் போரில் இறந்த நண்பர்களின் நினைவாக அவர் 1917இல் முடித்த பியானோ தொகுப்பிலும் ஒரு ஃபோர்லான் இருக்கிறது. அதே துள்ளல்தான், ஆனால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன.