கத்தோலிக்கக் கண்ணோட்டம்

"மிஸ், எங்க ஸ்கூல் டைரியில கத்தோலிக் வேர்ல்டுவியூன்னு போட்டிருக்காங்க. தமிழ்ல அதுக்கு என்ன?" பெங்களூரு சிவாஜிநகர் பக்கம் ஞாயிறு தமிழ்த் திருப்பலி முடிந்து நடக்கும் மறைக்கல்வி வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிக்கிற பிள்ளை. தமிழ் அவளுக்கு வீட்டுப் பேச்சு, கோயில் ஜெபம்.

முதலில் கத்தோலிக்கம். கிரேக்கத்தில் 'ஹோலோஸ்' என்றால் முழுமை. அதிலிருந்து வந்த 'கதோலிக்கோஸ்', முழுமையைத் தழுவியது என்று பொருள்படும். 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார் ஸ்மிர்னா சபைக்கு எழுதிய மடலிலேயே திருச்சபைக்கு இந்த அடைமொழி வந்துவிட்டது. சீர்திருத்தச் சபையினர் தமிழ் விசுவாசப் பிரமாணத்தில் 'பொதுவான சபை' என்பார்கள். நல்ல தமிழ்தான். ஆனால் 'பொது' எல்லாருக்கும் உரியது என்பதோடு நின்றுவிடுகிறது. எதையும் விலக்காதது என்ற பொருள் 'முழுமை'யில்தான் இருக்கிறது.

கல்விக்கு அந்த இரண்டாம் பொருள்தான் உயிர். எல்லாப் பாடமும் சொல்லித் தந்து இறையறிவை மட்டும் விட்டுவிட்டால் அறிவே குறைபடும் என்று 1852-இல் டப்ளின் சொற்பொழிவுகளில் வாதிட்டார் ஆங்கிலேயக் குருவானவர் ஜான் ஹென்றி நியூமன். 1965 அக்டோபர் 28 அன்று வெளிவந்த கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கல்வி அறிக்கை, கல்வி எல்லா மனிதருக்கும் உரிமை என்கிறது. பிள்ளையின் உடல், ஒழுக்கம், அறிவு மூன்றும் இசைந்து வளர வேண்டும் என்கிறது. பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமேத்ர் ஒரு குருவானவர். பீடத்தில் நின்ற அதே மனிதர்தான் விண்வெளிக் கணக்கும் போட்டார். மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிற பள்ளி, கோபுரத்தில் சிலுவை வைத்திருந்தாலும், இந்தச் சொல்லுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பேன்.

அடுத்து 'வேர்ல்டுவியூ'. ஜெர்மன் மொழியின் 'வெல்டான்ஷாவுங்' ஆங்கிலத்தில் அப்படி ஆனது. 1790-இல் ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட் அந்தச் சொல்லை எழுதினார். 'உலகநோக்கு', 'உலகப் பார்வை' என்று நாமும் அதையே பெயர்த்துக்கொண்டோம். பழந்தமிழில் இதற்கு நெருங்கிய சொல் 'காட்சி'. 'மாசறு காட்சி யவர்க்கு' என்பது குறள் 352. இன்று நம் மக்களிடம் காட்சி என்றால் மாதா காட்சி கொடுத்ததுதான் நினைவுக்கு வரும், குழப்பம்.

ஆகவே 'கண்ணோட்டம்' என்றேன். இன்று நோக்கு என்ற பொருளில் வழங்கும் இந்தச் சொல் குறளில் ஓர் அதிகாரத்தின் தலைப்பு, 58-ஆவது. அங்கே அதற்குப் பொருள் இரக்கம்: கண் பிறர்பால் ஓடுவது. செப்டம்பர் 8 திருவிழாவில் சிவாஜிநகர் மரியன்னை பேராலய வரிசையில் எல்லா மதத்தாரும் நிற்கிறார்களே, பக்கத்தில் நிற்பவரைக் கண் எப்படிப் பார்க்கிறது என்பதும் இதில் அடங்கும். உலகநோக்கு என்றால் இந்த ஈரம் வராது.

கரும்பலகையில் அந்த அதிகாரத்தின் குறள் 573-ஐ எழுதினேன்: 'பண்என்னாம் பாடற்கு இயைபின்றேல் கண்என்னாம் கண்ணோட்டம் இல்லாத கண்.' தமிழ் எழுத்து அவளுக்கு வராது. என்னை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டு, கன்னட எழுத்தில் டைரியில் குறித்துக்கொண்டாள்.