தேய்ந்த ரோமச் செப்புக்காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

கரூர் அமராவதி மணலிலும் இலங்கையின் பல ஊர்களிலும் கிடைக்கும் சின்னஞ்சிறு ரோமச் செப்புக்காசுகளில் மிகப் பல கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. பெரும்பாலும் சுண்டுவிரல் நகத்தளவு, ஒன்றிரண்டு கிராம் எடை. பலரும் செய்யும் முதல் வேலை, புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்ப்பது. உலோகம் அரித்துப்போன காசில் உருவம் தங்கியிருப்பதே களிம்புப் படலத்தில்தான். அமிலம் அதைக் கரைத்தால் மிஞ்சுவது மொட்டைத் தகடு.

மேலே ஒட்டிய மண்ணை மட்டும் மென்மையான தூரிகையால் நீக்குங்கள். கெட்டியானதை உருப்பெருக்கியின் கீழ் பயிற்சி பெற்றவர் எடுக்கட்டும். பிறகு விளக்கைத் தாழ்வாகப் பக்கவாட்டில் வைத்து, காசை மெல்லச் சுழற்றுங்கள். எழுத்தே தெரியாத காசிலும் நிழல் விழும்போது உருவம் எழும்பி வரும்.

பார்க்க வேண்டியது பின்பக்கம். அரசர் முகங்கள் ஒன்றுபோலவே இருக்கும். இரு வீரர்களுக்கு நடுவே இரண்டு கொடிக்கம்பங்கள் இருந்தால் காசு அச்சானது கி.பி. 330–335. ஒன்றே இருந்தால் 335–341. நடுப்பகுதி மழுங்கியிருந்தால் ஊகிக்காமல் 330–341 என்றே எழுதுங்கள். குதிரையோடு சரியும் எதிரியை வீரன் ஈட்டியால் குத்தினால், 348 அல்லது அதற்குப் பிந்தையது. வெற்றித் தேவதை கைதியை இழுத்துச் சென்றால், 388க்குப் பின். மூன்று அரசர்கள் நின்றால் 406–408 வாக்கில்.

அடியில் இருக்கும் அக்கசாலைக் குறி, அதாவது காசு அச்சான ஊரைக் காட்டும் எழுத்து, பெரும்பாலும் கிடைக்காது. அச்சைவிடத் தகடு சிறிது. அந்த வரி தகட்டுக்கு வெளியே போயிருக்கும். எழுத்துகள் வெறும் கோடுகளாக இருந்தால் வலிந்து படிக்காதீர்கள். இலங்கையில் அந்தக் காலத்தில் உள்ளூரிலேயே செய்த போலிகள் ஏராளம். அவற்றைப் போலி என்றே பதியுங்கள், அவையும் வரலாறுதான்.

ஒவ்வொரு காசுக்கும் தனி எண், தனி உறை. அகழாய்வுக் குழி, மண்ணடுக்கு, ஆழம், 0.01 கிராம் வரை எடை, விட்டம், அச்சுத் திசை, இருபக்கப் படம் எல்லாம் வேண்டும். அச்சுத் திசைக்கு, முகத்தை நிமிர்த்திப் பிடித்துக் காசைப் பக்கவாட்டில் திருப்புங்கள். பின் உருவத்தின் தலை கடிகாரத்தில் எந்த மணியைக் காட்டுகிறதோ அதுவே. அடையாளம் தெரியாதவற்றையும் விடாமல் பதியுங்கள். விட்டால் எண்ணிக்கையே பொய்யாகும்.

காசு அச்சான ஆண்டு, அது கிடந்த மண்ணடுக்கின் ஆண்டு அல்ல. அடுக்கு அதற்கு முந்தையதாக இருக்க முடியாது, அவ்வளவுதான். இந்தக் காசுகள் தலைமுறை தாண்டியும் புழங்கின.

வெளிர்பச்சைப் பொடி உதிரும் காசை உடனே பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள். ஈரப்பதம் 40 சதவீதத்தைத் தாண்டினால் உள்ளிருக்கும் குளோரைடு மீண்டும் அரிக்கத் தொடங்கும்.