மேகத்தை விளிம்பில் அடையாளம் காணுதல்

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சென்னையின் மொட்டைமாடி ஒன்றில் பிற்பகல் நான்கு மணிக்கு நின்று மேற்கே பார்த்தால், பெரும்பாலான நாட்களில் காலிஃபிளவர் போன்ற வெண்மையான மேகத் தலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொங்கி எழுவதைக் காணலாம். காலையிலிருந்து வீசும் வறண்ட மேற்குக் காற்றும் நண்பகலுக்குப் பின் உள்ளே நுழையும் ஈரமான கடற்காற்றும் சந்திக்கும் இடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. மேலே போகும் காற்று விரிந்து குளிர்கிறது. குளிர்ந்ததும் அதிலுள்ள நீராவி துளிகளாகிறது. அந்தத் துளிகளின் கூட்டமே நம் கண்ணுக்குத் தெரியும் திரள் மேகம்.

இவ்வகை மேகத்தின் அடிப்பகுதி ஏறக்குறைய வெட்டி எடுத்ததுபோல் தட்டையாக இருப்பதற்கும் இதுவே காரணம். காற்றின் வெப்பநிலைக்கும், அதிலுள்ள நீராவி துளிகளாகத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலைக்கும் உள்ள வேறுபாட்டில் ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் சுமார் 125 மீட்டர் என்று கணக்கிட்டால் அடித்தளத்தின் உயரம் கிடைத்துவிடும். வெப்பநிலை 36 பாகை, பனிநிலை 24 பாகை என்றால் மேகம் ஏறக்குறைய 1,500 மீட்டரில் தொடங்குகிறது. இரண்டு எண்களும் கைப்பேசியின் வானிலைச் செயலியிலேயே இருக்கின்றன.

மேகங்களுக்குப் பெயர் சூட்டும் முறையை லண்டனைச் சேர்ந்த மருந்து தயாரிப்பாளர் லூக் ஹோவர்ட் 1802-இல் ஓர் உரையில் முன்வைத்தார். கீற்று, திரள், படை (அடுக்கு), மழை தரும் கார் என்று அவர் வகுத்த அடிப்படையே விரிந்து, இன்று உலக வானிலை அமைப்பு ஏற்றுள்ள பத்து பேரினங்களாக நிற்கிறது. பள்ளிப் பாடநூல்கள் இவற்றை உயரத்தைக் கொண்டு பிரித்துச் சொல்லித்தருகின்றன. அது தவறில்லை என்றாலும், தரையில் நிற்பவருக்கு உயரத்தை அளக்கும் கருவி எதுவும் கையில் இல்லை என்பதால் தேர்வுத்தாளுக்கு வெளியே அதிகம் உதவுவதில்லை. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது மேகத்தின் விளிம்பைத்தான்.

நீர்த்துளிகளால் ஆன மேகத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவேயுள்ள துளி, சுற்றியுள்ள வறண்ட காற்றைத் தொட்டவுடன் ஆவியாகிவிடுவதால், மேகம் எங்கே முடிகிறது என்பது கோடு போட்டதுபோல் தெரிகிறது. பனிப்படிகங்கள் அப்படி எளிதில் மறைவதில்லை. பனியின் மேற்பரப்பிலிருந்து நீராவி வெளியேறுவது நீரிலிருந்து வெளியேறுவதைவிட மெதுவாக நடப்பதால், அவை காற்றில் நெடுந்தூரம் இழுத்துச் செல்லப்பட்டு நார்நாராகக் கலைகின்றன. உயரத்தில் தெரியும் கீற்று மேகம் சீவிவிட்ட முடி போலத் தோன்றுவது இதனால்தான்.

மேற்கே பொங்கிய அந்தக் காலிஃபிளவருக்குத் திரும்புவோம். அதன் உச்சி கூர்மையாக இருக்கும்வரை அது பெரிய திரள் மேகம் மட்டுமே. உச்சியின் ஒரு பகுதி, ஈரத்தாளில் பட்ட மைபோல, மங்கத் தொடங்கும் கணத்தில் அங்கே துளிகள் உறையத் தொடங்கிவிட்டன என்று பொருள்; வானிலையாளர்கள் அதைக் கார்திரள் மேகம் என்று அழைப்பதும் அப்போதிலிருந்துதான். இடி, மின்னல், ஆலங்கட்டி ஆகியவற்றைத் தரும் ஒரே பேரினம் இதுதான். சிறிது நேரத்தில் அந்த மங்கிய தலை கொல்லன் பட்டடைபோலப் பக்கவாட்டில் பரவுகிறது. மேகம் கிழக்கே நகரத்தை நோக்கி வந்துகொண்டிருக்க, அதன் தலை மட்டும் மேற்கே நீள்வது முதல்முறை பார்ப்பவரைக் குழப்பும். கோடைப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகமான காற்றோட்டம் பாய்கிறது. இந்திய வானிலையியலாளர் பி. கோட்டீஸ்வரம் 1958-இல் விரிவாக விளக்கிய அந்தக் காற்றோட்டத்தைக் கருவி எதுவும் இல்லாமல் மாடியிலிருந்தே காட்டித்தருவது இந்தத் தலைதான்.

சிறு சிறு உருண்டைகளாகப் பரவிய மேகங்களில் விளிம்பு அவ்வளவாக உதவாது. அங்கே விரல்கள் உதவும். அடிவானத்திலிருந்து 30 பாகைக்கு மேலே உள்ள ஓர் உருண்டையை நோக்கிக் கையை முழுவதும் நீட்டுங்கள். சுண்டுவிரலுக்குள் மறைந்தால் உயரத்துக் கீற்றுத்திரள். மூன்று விரல்களுக்குள் அடங்கினால் இடைமட்டத் திரள். அதற்கும் பெரிதென்றால் தாழ்ந்த படைத்திரள். கார்படை மேகத்துக்கு இந்தச் சிரமம் தேவையில்லை. வானம் முழுவதையும் சாம்பல் நிறத்தில் மூடி மணிக்கணக்கில் பெய்துகொண்டிருக்கும். அதைப் படமெடுத்து யாரிடமும் பாராட்டு வாங்க முடியாது.

படமெடுப்பதிலும் காப்பாற்ற வேண்டியது விளிம்பையே. தரையையும் வானத்தையும் சேர்த்து ஒளியளவைத் தானாகக் கணிக்கும் கேமரா, இருண்ட தரையைத் தெளிவாக்க முயன்று மேகத்தின் வெண்பகுதியை வெறும் வெள்ளைத்தாளாக்கிவிடுகிறது. அந்த விவரத்தைப் பின்னர் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கைப்பேசியில் மேகத்தின் மிகப் பிரகாசமான இடத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்துப் பூட்டிய பின், ஒளியளவைச் சற்றுக் கீழே இறக்கினால் போதும். கேமராவில் துருவமுனைவு வடிகட்டி பொருத்துபவர்கள், சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானத்தில்தான் அது நீலத்தை மிகுதியாக இருட்டாக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அகன்ற வில்லையில் வானத்தின் ஒருபக்கம் மட்டும் கருத்துத் திட்டுத்திட்டாகத் தெரியும். படத்தின் ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியோ பனைமரமோ இருந்தால் அளவும் திசையும் பின்னர் புரியும்.

சென்னையில் புயல்மேகம் மேற்கே இருக்கும்போது மாலைச் சூரியன் அதன் பின்னால் இருப்பதால் உருவம் கருத்து, ஓரம் மட்டும் ஒளிரும். இடிச்சத்தம் கேட்டுவிட்டால் மின்னல் நம்மை எட்டும் தொலைவில் இருக்கிறது. உடனே மாடியை விட்டு இறங்கிவிட வேண்டும். கடைசி இடிச்சத்தத்துக்குப் பின் அரைமணி நேரம் கழித்து மேலே வந்து கிழக்கே திரும்பினால், வங்கக் கடல்மீது விலகிச் செல்லும் அதே மேகம் முன்பக்கம் முழுவதும் வெயில் பட்டு, ஒவ்வொரு மடிப்பும் நிழலுடன் துலங்க நிற்கும்.