மெருகேற்றாதீர்கள்: பழைய ஜெர்மன் ராணுவக் கைத்துப்பாக்கிகள் குறித்து ஒரு மதிப்பீட்டாளரின் எச்சரிக்கை

மறைந்தவர்களின் வீட்டுப் பொருள்களுக்கு மதிப்பீடு எழுதித் தருவது அமெரிக்காவில் என் தொழில். வெள்ளிப் பாத்திரங்களும் கடிகாரங்களும் தபால்தலைகளும்தான் பெரும்பாலும் என் மேசைக்கு வரும். ஆனால் இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பிய தலைமுறை மறைந்துகொண்டிருப்பதால், அவர்கள் பரணிலும் பழைய பெட்டிகளிலும் வைத்துவிட்டுப் போன ஜெர்மன் கைத்துப்பாக்கிகளும் அடிக்கடி வருகின்றன. சில மாதங்களுக்கு முன்பு ஓர் இளைஞர் தம் தாத்தாவின் லூகர் கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்தார். விற்பதற்கு முன்பு அழகாக இருக்கட்டும் என்று ஒரு பட்டறையில் கொடுத்து, துருவை நீக்கி, புதிதாகக் கருநீலப் பூச்சு ஏற்றியிருந்தார். துப்பாக்கி கண்ணாடிபோல மின்னியது. பட்டறைக்குக் கொடுப்பதற்கு முன்பு எடுத்த படத்தை அவர் கைபேசியில் காட்டியபோதுதான் எனக்கு வயிறு கலங்கியது. தோட்டா அறையின் மேல் 'ஜி' என்ற எழுத்து, மேலே மடங்கும் இணைப்பில் 'எஸ்/42' என்ற குறி, விசையிலும் பாதுகாப்பு நெம்புகோலிலும் வைக்கோல் நிறம் என, 1935-இல் ஓபெர்ன்டார்ஃபில் உள்ள மௌசர் ஆலையிலிருந்து வெளிவந்தபடியே அந்தப் பொருள் இருந்திருக்கிறது. அவர் கொடுத்த கூலியைவிடப் பல மடங்கு மதிப்பு அந்தப் பட்டறையில் அழிந்துபோனது.

இந்தத் தவறைச் செய்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்த்து வைப்பதுபோல இதையும் தேய்த்து வைப்பது மரியாதை என்று நினைக்கிறார்கள். சேகரிப்பாளர்களோ இங்கே விலை கொடுப்பது உலோகத்துக்கு அல்ல. 1935-இல் ஒரு தொழிலாளி செய்துவைத்த மேற்பரப்பு அப்படியே நிற்பதற்குத்தான் கொடுக்கிறார்கள். அந்தக் காலத்து லூகர்களுக்கு, உலோகத்தை அளவோடு துருப்பிடிக்கவிட்டு, கொதிநீரில் இட்டு, துலக்கி, அதையே பலமுறை செய்து நீலநிறம் ஏற்றினார்கள். விசை போன்ற சிறு பாகங்கள் வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டதால் வைக்கோல் நிறம் பெற்றன. 1937-ஆம் ஆண்டுவாக்கில் மௌசர் உப்புக் கரைசலில் முக்கி எடுக்கும் விரைவான முறைக்கு மாறியபோது, அந்தச் சிறு பாகங்களும் நீலநிறத்துக்கு மாறின. ஆகவே 1935-ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் விசை நீலமாக இருந்தாலும், 1941-ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் விசை வைக்கோல் நிறத்தில் இருந்தாலும், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று உடனே சந்தேகிக்க வேண்டும்.

விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு உயிரைப் பற்றிப் பேச வேண்டும். பரணில் கிடைத்த துப்பாக்கியில் தோட்டா இருக்கிறது என்றே எப்போதும் கொள்ளுங்கள். லூகரில் அறைக்குள் தோட்டா இருந்தால், தோட்டாவின் உறையை வெளியே இழுக்கும் 'உறை இழுப்பான்' என்ற பாகம் சற்று மேலெழும்பி, அதன் இடப்பக்கத்தில் 'கெலாடன்' என்ற ஜெர்மன் சொல் தெரியும். 'குண்டு ஏற்றப்பட்டுள்ளது' என்பது அதன் பொருள். அந்தச் சொல் தெரியவில்லை என்பதை மட்டும் நம்பி விசையைத் தொடக் கூடாது. லூகரின் அமைப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சுடும் ஊசியைப் பிடித்து வைத்திருக்கும் பாகம் மேற்பகுதியின் இடப்புறத்திலேயே வெளிப்படையாக இருப்பதால், தோட்டா ஏற்றிய நிலையில் அந்த மேற்பகுதியைப் பிடியிலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பாகத்தை அழுத்தினால், விசையே இல்லாமல் அது வெடித்துவிடும். வால்தர் பி38 என்ற இன்னொரு ஜெர்மன் ராணுவக் கைத்துப்பாக்கியில் பாதுகாப்பு நெம்புகோலைக் கீழே தள்ளினால் சுத்தியல் தானே இறங்கும். போர்க்கால அவசரத்தில் செய்த, தேய்ந்துபோன துப்பாக்கிகளில் அந்த ஏற்பாட்டை நம்பி, உயிருள்ள தோட்டாவின் மேல் சுத்தியலை இறக்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தெரியாதவர்கள் துப்பாக்கியைத் தொடாமல், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரை வீட்டுக்கு அழைப்பதே நல்லது.

அடுத்தது எண்கள். ஜெர்மானியர்கள் இந்தத் துப்பாக்கிகளில் எண் பொறித்த அளவுக்கு வேறு எதிலும் பொறித்திருக்க மாட்டார்களோ என்று எனக்குச் சில வேளை தோன்றும். லூகரின் பிடிச்சட்டத்திலும் குழலிலும் முழு வரிசை எண்ணும், சிறு பாகங்களில் அதன் கடைசி இரண்டு இலக்கங்களும் இருக்கும். தோட்டாப் பெட்டியின் அடியிலும் அதே எண் இருந்தால் சேகரிப்பாளர் மகிழ்ந்துபோவார். வரிசை எண்கள் பத்தாயிரத்தை எட்டியதும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி, பக்கத்தில் ஒரு சிறிய எழுத்தைச் சேர்த்தார்கள் என்பதால், அந்த எழுத்தையும் சேர்த்தே எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு நெம்புகோலில் எண் மாறியிருந்தாலும் விலை இறங்கும். இந்தக் காரணத்தால்தான் எல்லா எண்களும் ஒத்துப்போகும் துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்காதீர்கள் என்று சொல்கிறேன். நூறாண்டுப் பழைய உறை இழுப்பான் ஒன்று உடைந்தால், அதே எண்ணுடன் இன்னொன்று உலகில் எங்கும் கிடைக்காது.

ஆலையின் பெயரைப் போருக்கு முன்பிருந்தே மறைத்துக் குறியீடுகளாகப் பொறித்தார்கள். பி38-இல் 'ஏசி' என்றால் வால்தர், 'பிஒய்எஃப்' என்றால் மௌசர், 'சிஒய்க்யூ' என்றால் இன்றைய செக் நாட்டில் இருக்கும் கிரோட்டாவின் ஸ்ப்ரேவெர்க் ஆலை. இவற்றைப் படிக்கக் கற்பது சுவையான வேலை; ஆனால் அந்தக் குறிகளுக்குப் பின்னால் இருந்தவர்களையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். முதல் உலகப்போருக்குப் பிந்தைய காலத்தில் ஜெர்மன் ராணுவத்துக்கு லூகர் கொடுத்த ஜூல் நகரின் ஸிம்ஸன் நிறுவனம் ஒரு யூதக் குடும்பத்துடையது. நாஜிகள் அதைப் பறித்துக்கொண்டு அந்தக் குடும்பத்தை நாட்டைவிட்டே ஓட வைத்தார்கள். வால்தர் நிறுவனம் போரின் பிற்பகுதியில் நோயன்காமே வதைமுகாமிலேயே கைதிகளைக் கொண்டு ஆலை நடத்தியது. இதைச் சொன்னால் சில வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள். நான் சொல்லாமல் விடுவதில்லை.

போலிகள் பெருகுவதும் இந்தக் குறிகளின் மேல்தான். ஜெர்மன் விமானப்படைக்காகக் கிரீக்ஹாஃப் நிறுவனம் குறைந்த எண்ணிக்கையில் செய்த லூகர்களுக்கு விலை அதிகம் என்பதால், சாதாரண லூகரைத் தேய்த்து அந்த முத்திரை குத்தியவை உலவுகின்றன. முதல் உலகப்போரில் பீரங்கிப் படைக்குக் கொடுத்த, 200 மில்லிமீட்டர் குழல் கொண்ட லூகருக்கும் இதே கதிதான். புதுக் குழல் மாட்டிப் பழையது என்று விற்கிறார்கள். நாஜிகளின் எஸ்.எஸ். படையின் மின்னல் குறி குத்தியது என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை பிற்காலத்தில் குத்தியவை. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், எண்ணைச் சுற்றி உலோகம் சற்றே பள்ளமாகத் தெரிவதும், எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருப்பதும் அரம் போட்டதன் அடையாளம். 1941, 1942 ஆண்டுகளின் கருப்புப் பிடி கொண்ட லூகர்களை 'பிளாக் விடோ' என்று அழைப்பது போருக்குப் பின்பு வியாபாரிகள் வைத்த பெயர். அந்தப் பெயருக்காகக் கூடுதல் பணம் கேட்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருக்கலாம்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவில் உயில் வழியாக அல்லது வாரிசு முறையில் வேறு மாநிலத்திலிருந்து துப்பாக்கி பெறக் கூட்டாட்சிச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் மாநிலச் சட்டங்கள் வேறுபடும், உதாரணமாக நியூயார்க்கில் கைத்துப்பாக்கி வைத்திருக்கவே உரிமம் வேண்டும். வேறு மாநிலத்தவருக்கு விற்பதென்றால் பொதுவாக உரிமம் பெற்ற வணிகர் வழியாகத்தான் போக வேண்டும். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்கள் கவனிக்க: வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இல்லாமல் அவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். 'பழம்பொருள்தானே' என்ற வாதம் அங்கே எடுபடாது. லூகருக்கு மரத்தாலான தோள்தாங்கி மாட்டினால் அது சட்டப்படி குறுங்குழல் ரைஃபிளாகிவிடக்கூடும், அதற்குத் தனிப் பதிவு வேண்டும். சில குறிப்பிட்ட துப்பாக்கி-தாங்கி இணைகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. ஜெர்மனியில் சேகரிப்பாளர் எந்தக் கருப்பொருளில் சேகரிக்கிறார் என்பதை விளக்கி 'சிவப்பு' உரிம அட்டை வாங்க வேண்டும். பிரிட்டனில் 1996-இன் டன்பிளேன் பள்ளிப் படுகொலைக்குப் பின்பு வந்த 1997-ஆம் ஆண்டுத் தடையால் வழி மிகவும் குறுகிவிட்டது. ஊருக்கு எடுத்துச் செல்லலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: இவற்றின் 9 மில்லிமீட்டர் என்பது இந்தியாவில் தடைசெய்யப்பட்ட குழலளவு.

வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், தோல் உறைக்குள் வைக்காதீர்கள். பழைய தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதோடு, அதைப் பதப்படுத்திய பொருள்கள் உலோகத்தை அரிக்கும். உறையும் துப்பாக்கியும் தனித்தனியாக இருக்கட்டும். மெல்லிய எண்ணெய்ப் படலமும், பூட்டிய உலர்ந்த பெட்டியும் போதும். உறையின் உள்ளே, அலமாரியின் அடியில், பழைய கடிதக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு தாள் இருக்கிறதா என்று மட்டும் தேடிப் பாருங்கள். கைப்பற்றிய பொருளை வீட்டுக்குக் கொண்டுபோக இந்த வீரருக்கு அனுமதி உண்டு என்று அவருடைய அதிகாரி கையெழுத்திட்ட சான்று அது. அதில் துப்பாக்கியின் எண்ணும் எழுதியிருந்தால், தாத்தா சொன்ன கதைக்கு அதுவே சாட்சி. அந்த இளைஞரின் வீட்டில் அப்படி ஒரு தாள் இருந்திருக்கிறது. பாட்டி காலமானதும் வீட்டைக் காலி செய்தபோது பழைய காகிதங்களோடு சேர்த்து அதையும் எறிந்துவிட்டதாக அவர் அம்மா பின்பு தொலைபேசியில் சொன்னார்.