துணைமுள்: ‘அசிஸ்ட் ஹுக்’ என்ற பெயரும் அதற்கான தமிழும்

கடலில் ஜிக் என்ற உலோகப் போலி இரையைப் போட்டு மீன் பிடிப்பவர்கள், அதில் கட்டும் ‘அசிஸ்ட் ஹுக்’ என்ற முள்ளைப் பெரும்பாலும் ‘அசிஸ்ட்’ என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். “அசிஸ்ட் மாத்திட்டியா?”, “நாளைக்கு நாலு அசிஸ்ட் கட்டணும்” என்பதுதான் பேச்சு. கூட இருப்பவர்களுக்குப் புரிந்துவிடும். புதிதாக வருபவருக்குத்தான் குழப்பம். அசிஸ்ட் என்றால் உதவி. இந்த முள் யாருக்கு உதவுகிறது? மீன் மாட்டுவதே இதில்தானே?

அந்தக் கேள்வியில்தான் இந்தச் சொல்லின் கதை இருக்கிறது.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள வலுவான கயிறு. அதன் ஒரு முனையில் ஒற்றைத் தூண்டில் முள், மறுமுனையில் மூட்டே இல்லாத எஃகு வளையம். அந்த வளையம் ஜிக்கின் தலைப்பக்கம் சேர்கிறது. ஜிக் என்பது மீன் வடிவில் வார்த்த ஈயம் அல்லது டங்ஸ்டன் கட்டி. ஆழ்கடலுக்கு 100 முதல் 300 கிராம் வரை எடையுள்ளவற்றைச் சாதாரணமாகவே பயன்படுத்துகிறார்கள். அதை அடிமட்டம் வரை இறக்கி, தடியால் மேலே வெட்டி இழுத்து, திரும்ப விழவிட்டு, மறுபடி இழுப்பார்கள். ஆங்கிலத்தில் ஜிக் என்பது துள்ளாட்டத்துக்கும் பெயர், வெடுக்கென்று மேலும் கீழும் அசைவதற்கும் பெயர். தமிழில் ‘துள்ளிரை’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து. துள்ளுகிற இரை, அவ்வளவுதான். ஆனால் ஜிக் என்ற சொல் எல்லார் வாயிலும் நன்றாகப் பழகிவிட்டதால், இந்தக் கட்டுரையில் அதை மாற்றப் போவதில்லை.

பழைய ஜிக்குகளில் முள் வாலில் இருந்தது. மூன்று முனைகள் கொண்ட மும்முள்ளை வால் வளையத்தில் மாட்டுவார்கள். அதில் இரண்டு தொல்லைகள் உண்டு. அடிமட்டத்தைத் தொட்டவுடன் மும்முள் பாறையில் சிக்கிக்கொள்ளும். இரண்டாவது தொல்லை இன்னும் பெரியது. வேட்டை மீன்கள் இரையைத் தலைப்பக்கமாகக் கவ்வுவது அதிகம். வாலில் முள்ளை வைத்துக்கொண்டு தலையில் கடிக்கிற மீனுக்குக் காத்திருந்தால் என்ன ஆகும்? கடி வரும், தடி அதிரும், மீன் வராது. அதனால் வால் முள்ளுக்கு உதவியாகத் தலைப்பக்கமும் ஒரு முள்ளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஜப்பானில் ஜிக் போட்டு மீன் பிடிப்பவர்களிடையே 1990-களில் இது பரவியது. ‘அசிசுத்தோ ஃபுக்கு’ என்று ஆங்கிலச் சொல்லை ஜப்பானிய உச்சரிப்பில் சொன்னார்கள். உதவிக்கு வந்த முள்ளே அதிக மீனைப் பிடித்தது. வால் மும்முள் மெல்லக் காணாமல் போனது. வேலை மாறிய பிறகும் பெயர் மட்டும் பழையபடியே நிற்கிறது.

சரி, ‘அசிஸ்ட்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? லத்தீனில் ‘அசிஸ்தேரே’ என்றால் அருகே நிற்றல். ‘அத்’ என்பது பக்கம், ‘சிஸ்தேரே’ என்பது நிற்றல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. உதவி என்ற பொருள் பிறகு வளர்ந்தது. முதலில் இருந்தது பக்கத்தில் நிற்பது மட்டும். ‘ஹுக்’ பழைய ஆங்கிலச் சொல். டச்சு மொழியில் அதன் உறவுச் சொல்லுக்கு மூலை என்று பொருள். இரண்டுக்கும் வளைவுதான் பொது.

இப்போது தமிழுக்கு வருவோம். தூண்டில் கருவிக்கு நம்மிடம் சொற்கள் எவ்வளவு பழையவை என்பதைக் காட்ட எனக்குப் பெரும்பாணாற்றுப்படையின் மூன்று அடிகள் போதும்:

“நெடுங்கழைத் தூண்டில் நடுங்க நாண் கொளீஇக்
கொடுவாய் இரும்பின் மடிதலை புலம்பப்
பொதியிரை கதுவிய போழ்வாய் வாளை”

நீண்ட மூங்கில் கழிதான் இங்கே தூண்டில். கயிறு நாண். முள் ‘கொடுவாய் இரும்பு’, அதாவது வளைந்த வாயை உடைய இரும்பு. அந்த முள்ளை மூடிப் பொதிந்திருந்த இரையை வாளை மீன் கவ்விக்கொண்டு போய்விட்டது. முள்ளின் மடிந்த தலை தனித்துக் கிடக்கிறது. ‘புலம்ப’ என்ற சொல்லை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். புலம்பு என்றால் தனிமை. இரை போய், மீனும் போய், இரும்பு மட்டும் நீரில் தனியாக நிற்கிறது. கடி விழுந்தும் மீன் மாட்டாத அந்த நொடியை அறிந்த எவருக்கும் இது உடனே புரியும். வாலில் மும்முள் மாட்டியவர்களும் பல நூறு ஆண்டுகள் கழித்து இதே வெறுமையைத்தான் பார்த்தார்கள்.

குறுந்தொகை 54-ஆம் பாட்டிலும் தூண்டில் கழியைத்தான் குறிக்கிறது. காட்டு யானை வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கிலை, கவண் ஒலிக்கு அஞ்சிக் கைவிடுகிறது. மூங்கில் ‘மீனெறி தூண்டிலின்’ மேலே நிமிர்கிறது. பாடியவர் பெயர் தெரியாததால் அந்தச் சொற்களையே அவருக்குப் பெயராக்கி மீனெறி தூண்டிலார் என்றார்கள். மீன் கடித்ததும் கழியை வெடுக்கென்று மேலே எடுக்கும் அசைவு அந்த உவமையில் அப்படியே இருக்கிறது. விளக்கின் திரியை மேலே தள்ளுவதையும் தூண்டுதல் என்றே சொல்கிறோம். இன்றைய பேச்சில் தூண்டில் என்பது கழி, நரம்பு எனப்படும் மீன்பிடி இழை, முள் எல்லாம் சேர்ந்த முழுக் கருவியாகிவிட்டது. அதனால் வளைந்த எஃகுத் துண்டை மட்டும் சொல்ல ‘தூண்டில் முள்’, சுருக்கமாக ‘முள்’ என்கிறோம்.

கொக்கி என்று சொல்லக் கூடாதா? சொல்லலாம். ஆனால் கொக்கி ஒன்றைத் தொங்கவிடுவதற்கு, கொளுவி வைப்பதற்கு உரியது. சட்டை மாட்டும் கொக்கிக்குக் கூர் வேண்டாம். மீன் பிடிக்கும் பொருளுக்குக் கூர்தான் உயிர். ஆகவே முள்தான் சரியான சொல்.

இனி ‘அசிஸ்ட்’ பகுதி. ‘உதவி முள்’ என்று நேராக எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. உதவி ஆய்வாளர், உதவிப் பொறியாளர் என்னும்போது மேலே ஒருவர் இருக்கிறார் என்ற பொருள் வந்துவிடுகிறது. இந்த முள்ளுக்கு மேலே யாரும் இல்லை. ‘துணை’ அப்படியல்ல. துணை என்றால் பக்கத்தில் நிற்பது. வழித்துணை, பேச்சுத்துணை, வாழ்க்கைத்துணை எல்லாவற்றிலும் அருகிருத்தல்தான் முதற்பொருள். லத்தீன் வேரின் பொருளும் அதுவே. போதாததற்கு, துணை என்பதற்கு இணை, இரட்டை என்ற பொருளும் உண்டு. இரண்டு முட்களை ஒரே வளையத்தில் கட்டும் வழக்கத்துக்கு இது அழகாகப் பொருந்துகிறது.

துணைத் தலைவர், துணை இயக்குநர் என்பவற்றிலும் படிநிலை இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் துணைவேந்தரை நினைத்துப் பாருங்கள். பல்கலைக்கழகத்தை அன்றாடம் நடத்துகிறவர் அவர்தான். பெயரில் துணை இருந்தாலும் வேலை முழுவதும் அவர் கையில். அசிஸ்ட் ஹுக்கின் நிலையும் இதுதான். எனவே ‘துணைமுள்’ என்றே எழுதுவோம். துணைக்கும் முள்ளுக்கும் நடுவில் எழுத்து எதுவும் மிகாது.

ஒரு சொல் பொருந்துகிறதா என்று கையால் செய்து பார்த்தால்தான் தெரியும் என்று நம்புகிறவன் நான். துணைமுள்ளைச் சொந்தமாகக் கட்டும்போது ஒவ்வொரு பாகத்துக்கும் தமிழ் தானாகவே வந்தது.

முள்ளின் மேல்முனையில் இருக்கும் துளையை ஆங்கிலம் கண் என்கிறது. நாம் ஊசிக்குச் சொல்வதுபோலக் காது என்போம். அதற்குக் கீழே தண்டு, பிறகு வளைவு, கடைசியில் முனை, முனைக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முள். தண்டுக்கும் முனைக்கும் இடைப்பட்ட அகலத்தை வாய் என்று சொன்னால் ‘கொடுவாய் இரும்பு’ மறுபடி உயிர்பெறுகிறது. அளவைத் தேர்ந்தெடுக்கவும் இந்த வாய்தான் கணக்கு. முள்ளின் வாய் ஜிக்கின் அகலத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். சிறிதாக இருந்தால் ஜிக்கின் உடலே முனையை மறைத்துவிடும். அளவு எண்கள் புதியவர்களைக் குழப்பும். 1-க்குப் பிறகு 1/0, 2/0, 3/0 என்று போகப்போக முள் பெரிதாகிறது. மறுபக்கம் 2, 4, 6 என்று போனால் சிறிதாகிறது.

உலோகம் எது? திருக்குறள் 759-இல் “எஃகதனிற் கூரியது இல்” என்று வருகிறது. எஃகு அங்கே படைக்கலம், கூர்மையின் பெயர். அந்தக் கூர்மையை அதிகம் தருவது உயர்கரிம எஃகு. ஆனால் உப்புநீரில் துருப்பிடிக்கும். அதனால் வெள்ளீயப் பூச்சோ நிக்கல் பூச்சோ கொடுத்திருப்பார்கள். துருப்பிடிக்காத எஃகு நீண்ட நாள் வரும், ஆனால் சற்று மென்மையானது. நரம்பு அறுந்து முள் மீனின் வாயிலேயே தங்கிவிட்டால், கரிம எஃகு துருப்பிடித்து விழுந்துவிடும். மற்றது அவ்வளவு எளிதில் போகாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் முள்ளுக்குக் கரிம எஃகும் வளையத்துக்குத் துருப்பிடிக்காத எஃகும் வைக்கிறேன். வளையத்துக்கு 316 வகை கிடைத்தால் நல்லது. அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் கடல் உப்பு குழிகுழியாக அரிப்பதைத் தாங்கும். 304 வகையில் அது இல்லை.

கயிற்றில் இரண்டு குலங்கள். ஒன்று கெவ்லார். டூபாண்ட் நிறுவனத்தில் வேதியியலாளர் ஸ்டெபனி குவோலெக் 1965-இல் கண்டுபிடித்த இழை. சூட்டில் உருகாது, ஆனால் வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் வலுவிழக்கும். மற்றது உயர்வலுப் பாலிஎத்திலீன், கடைகளில் பிஇ என்பார்கள். எடை குறைவு, நீரில் மிதக்கும், வழுவழுப்பானது. அந்த வழுவழுப்பு ஆபத்து. நான் முதலில் கட்டிய துணைமுள்ளில் நான்கே சுற்றுத்தான் போட்டேன். நல்ல பாரை ஒன்று இழுத்தபோது கயிறு தண்டைவிட்டு அப்படியே உருவிக்கொண்டு வந்துவிட்டது. முடிச்சு அறுந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அன்றிலிருந்து ஏழெட்டுச் சுற்றுக்குக் குறைந்து கட்டுவதில்லை.

கட்டும் முறை இது. உள்ளே குழல்போல் வெற்றாக இருக்கும் பின்னல் கயிற்றை எடுத்து, ஒரு முனையை மடக்கி, ஊசியால் அதே கயிற்றின் உள்ளே செலுத்தி, ஒரு சிறு கண்ணி உண்டாக்குங்கள். இழுக்க இழுக்கப் பின்னல் உள்ளே இருக்கும் முனையை இறுக்கிக்கொள்ளும். கண்ணி முள்ளே நுழையும் அளவு இருக்கட்டும். மறுமுனையைக் காது வழியே விட்டு, தண்டோடு கிடத்தி, காதிலிருந்து கீழ்நோக்கி நெருக்கமாக வரிந்து சுற்றி, முனையைச் சுற்றுகளுக்கு அடியில் இழுத்து இறுக்க வேண்டும். உள்ளே போன முனை இந்தச் சுற்றுகள் வரை எட்ட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணி நழுவும். மேலே நூலால் ஒரு வரிச்சுற்று, ஒரு துளி பசை. அதன்மேல் சூட்டில் சுருங்கும் குழாய் போடுவதானால் நெருப்பைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம். பாலிஎத்திலீன் இழை சுமார் 145 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கும். வெளியே குழாய் அழகாகச் சுருங்கியிருக்க, உள்ளே கயிறு வெந்துபோயிருக்கும். கடைசியாகக் கண்ணியை வளையத்துக்குள் நுழைத்து, முள்ளைக் கண்ணி வழியே எடுத்து இழுத்தால் வளையம் மாட்டிக்கொள்ளும்.

நீளத்தில்தான் அனுபவம் பேசும். முள் ஜிக்கின் மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் தொங்கினால் போதும். நீண்டால் ஜிக்கைச் சுற்றிக்கொண்டு நிற்கும், அல்லது நரம்பிலேயே மாட்டும். மிகக் குட்டையாக இருந்தால் கயிறு வளையாது. கயிறு வளைவதுதான் இந்தக் கருவியின் சூட்சுமம். மீன் வாயைத் திறந்து நீரோடு இரையை உறிஞ்சும்போது எடை குறைந்த முள் முந்திக்கொண்டு உள்ளே போகிறது. மாட்டிய பிறகு மீன் தலையை உதறினாலும், ஜிக்கின் எடை நெம்புகோலாகி முள்ளைப் பிடுங்காது. நடுவில் கயிறு இருக்கிறதே.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நரம்பை முடிய வேண்டியது துணைமுள்ளின் மூட்டில்லா வளையத்தில். ஜிக்கை மட்டும் சாவி வளையம்போல் பிரியும் வளையத்தால் அதோடு சேர்க்க வேண்டும். மீனின் இழுவை முள், கயிறு, வளையம், நரம்பு என்று நேராகப் போகும். முள்ளைப் பிரியும் வளையத்தில் மட்டும் மாட்டினால், பெரிய மீன் அதை விரித்துவிட இடமிருக்கிறது.

வஞ்சிரம், சீலா போலப் பல்லால் அறுக்கும் மீன்களுக்குக் கயிறு தாங்காது. அங்கே எஃகு வடம். ஏழு கம்பிகளை முறுக்கி ஒரு புரியாக்கி, அப்படி ஏழு புரிகளை மறுபடி முறுக்கியது, மொத்தம் 49 கம்பிகள். முடிச்சுப் போடுவதில்லை. உலோகக் குழலுக்குள் மடக்கிவிட்டு இடுக்கியால் நசுக்க வேண்டும். குழலின் இரு விளிம்புகளையும் நசுக்காமல் விடுங்கள், விளிம்பு கம்பியை வெட்டும். எஃகு வடம் கயிறுபோல் நெளியாது, அதனால் உறிஞ்சும் வாய்க்குள் அவ்வளவு இலகுவாகப் போகாது. பாரைக்கும் களவாவுக்கும் கயிறே மேல்.

சொல் நிலைத்தால் கூட்டுச்சொற்களும் பிறக்க வேண்டும். மெதுவாக விழும் ஜிக்குகளில் இரு முனையிலும் முள் கட்டுகிறார்கள், ஆகவே தலைத் துணைமுள், வால் துணைமுள். இரண்டு முட்கள் ஒரே வளையத்தில் இருந்தால் இரட்டைத் துணைமுள். கயிற்றுத் துணைமுள், வடத் துணைமுள் என்று பொருளை வைத்தும் பிரிக்கலாம். “அசிஸ்ட் மாத்திட்டியா?” என்று கேட்பவரிடம் “துணைமுள் மாத்திட்டேன்” என்று சொல்லிப் பார்த்தேன். அவர் ஒரு நொடி நின்று, ஜிக்கின் தலைப்பக்கத்தைத்தான் பார்த்தார்.